ஊடக மசோதாவைப் பின்தொடர எந்த வழி: நாளிதழா, நாடாளுமன்றத் தளமா, பிஆர்எஸ்ஸா, அரசிதழா?

ஊடகத்தைத் தொடும் ஒரு சட்டம் நாடாளுமன்றத்துக்குள் இருக்கும் காலம் மிகக் குறைவு. தொலைத்தொடர்பு மசோதா 2023 டிசம்பர் 18 அன்று மக்களவையில் அறிமுகமானது. 20ஆம் தேதி அங்கே நிறைவேறியது, 21ஆம் தேதி மாநிலங்களவையிலும் நிறைவேறிவிட்டது. அதே ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதாவுக்குக் கிடைத்தது ஆகஸ்ட் 3 முதல் 9 வரை, ஒரே வாரம். 11ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் வந்துவிட்டது. மசோதா வந்த செய்தியைப் படித்து, நகலைத் தேடி எடுத்து, தெரிந்த வழக்கறிஞரிடம் காட்டி, தொகுதி எம்பிக்குக் கடிதம் எழுதி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

ஆகவே ஊடக மசோதாக்களைப் பின்தொடர நினைப்பவர் முதலில் எடுக்க வேண்டிய முடிவு, தன் கவனத்தை எங்கே வைப்பது என்பதுதான். சிற்றிதழ் நடத்துபவர், யூடியூபில் செய்திச் சேனல் வைத்திருப்பவர், கேபிள் ஆபரேட்டர், மாவட்ட நிருபர், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுபவர் என யாருக்கும் இதற்காகத் தனியாக ஆள் வைக்க வசதி இருக்காது. வாரத்துக்கு ஒரு மணி நேரம் கிடைத்தால் பெரிது. அந்த ஒரு மணி நேரத்தை நாளிதழ், நாடாளுமன்ற அவைகளின் நேரலை, நாடாளுமன்றத்தின் இணையதளம், பிஆர்எஸ் என்ற சட்ட ஆய்வு நிறுவனம், அமைச்சகத் தளமும் அரசிதழும், குடிமை அமைப்புகள் ஆகியவற்றில் எதற்குக் கொடுப்பது என்பதே இங்கே கேள்வி.

எங்கள் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சட்டம் பிறப்பது மூன்று கட்டங்களில்: அமைச்சகம் வரைவு வெளியிடும் கட்டம், அவைக்குள் நடக்கும் கட்டம், சட்டமான பிறகு விதிகளும் அமல் தேதியும் வரும் கட்டம். தமிழ் ஊடகங்களின் கவனம் முழுக்க நடுக் கட்டத்தில் குவிகிறது. சாதாரண ஆள் எதையாவது மாற்ற முடிவது முதல் கட்டத்தில். அவர் தொழிலைத் தொடுவது மூன்றாம் கட்டம். இந்த இரண்டையும் பிடித்துத் தருகிற வழிக்குத்தான் அந்த ஒரு மணி நேரத்தில் பெரும்பங்கு போக வேண்டும்.

நாளிதழும் தொலைக்காட்சியும்

இவற்றின் பலம் அரசியல். எந்தக் கட்சி எதிர்க்கிறது, கூட்டணிக்குள் யார் முணுமுணுக்கிறார்கள், மசோதா இந்தக் கூட்டத்தொடரில் வருமா என்பதெல்லாம் அரசுத் தளங்களில் கிடைக்காது. அதைவிட முக்கியமாக, அரசு வெளியிடாத ஆவணத்தைப் பற்றிச் செய்தியாளர்களால் மட்டுமே சொல்ல முடியும். ஒலிபரப்புச் சேவைகள் (ஒழுங்குமுறை) மசோதா இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. அதன் முதல் வரைவை 2023 நவம்பர் 10 அன்று தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டது. 1995ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சிச் சட்டத்துக்கு மாற்றாக, ஓடிடி தளங்களையும் இணையச் செய்தியையும் சேர்த்து ஒரே குடையின்கீழ் கொண்டுவருவது அதன் நோக்கம். 2024 ஜூலையில் திருத்திய வரைவு ஒன்று தேர்ந்தெடுத்த சில தரப்பினருக்கு மட்டும், பெறுபவரை அடையாளம் காட்டும் வாட்டர்மார்க்குடன் கொடுக்கப்பட்டது. அது எந்தத் தளத்திலும் ஏறவில்லை. தனியாக யூடியூப் சேனல் நடத்துபவர்களும் அந்த வரைவுக்குள் வரக்கூடும் என்று செய்திகள் வந்த பிறகுதான் எதிர்ப்பு கிளம்பியது. ஆகஸ்ட் 12 அன்று அமைச்சகம் கருத்துச் சொல்லும் காலத்தை அக்டோபர் 15 வரை நீட்டித்து, புதிய வரைவை வெளியிடுவதாகவும் அறிவித்தது. அரசுத் தளத்தை மட்டும் நம்பியிருந்தவருக்கு இந்த ஒரு மாதக் கதை தெரிந்தே இருக்காது.

பலவீனம், வாசகத்தில் வருகிறது. செய்தியில் பெரும்பாலும் கூறு எண் (மசோதாவின் எந்தப் பிரிவு என்பது) இருக்காது. 'அபராதம் 5 லட்சம்' என்று தலைப்பு வரும். யாருக்கு, எந்தத் தவறுக்கு என்பது விடுபடும். பத்திரிகை மற்றும் பருவ இதழ்கள் பதிவுச் சட்டத்தில் அந்த 5 லட்சம் உச்சவரம்பு பதிவு செய்யாமல் இதழ் வெளியிடுவதற்கு. ஆண்டறிக்கை அனுப்பத் தவறினால் முதல் தடவைக்கு 20,000 ரூபாய் வரை. பதிவில்லாத இதழை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தும் 6 மாதத்துக்குள் நிறுத்தாவிட்டால் 6 மாதம் வரை சிறை. முறையாகப் பதிவு செய்த காலாண்டிதழ் ஆசிரியர் ஒருவர் முதல் எண்ணைப் பார்த்துப் பதறுவதும், தன்னைத் தொடக்கூடிய இரண்டாவது எண்ணைக் கவனிக்காமல் விடுவதும் இப்படித்தான் நேர்கிறது.

நேரலை பார்ப்பது

மக்களவைத் தொலைக்காட்சியும் மாநிலங்களவைத் தொலைக்காட்சியும் 2021 செப்டம்பரில் இணைந்து சன்சத் டிவி ஆயின. இரு அவைகளையும் யூடியூபிலும் பார்க்கலாம். ஆர்வமாக இருக்கும், ஆனால் நேரத்தை விழுங்கும். ஊடக மசோதாக்களில் பல குரல் வாக்கெடுப்பில் முடிகின்றன. 'ஆம்' என்போர் 'ஆம்' என்றும் 'இல்லை' என்போர் 'இல்லை' என்றும் சொல்ல, அவைத் தலைவர் முடிவை அறிவித்துவிடுவார். உறுப்பினர் யாராவது பிரித்து எண்ணும் வாக்கெடுப்பு கேட்டு, அது நடந்தால் ஒழிய, யார் எப்படி வாக்களித்தார் என்று பெயர்வாரியாகப் பதிவே இருக்காது. உங்கள் தொகுதி எம்பியின் நிலைப்பாட்டை வாக்குப் பதிவில் தேடிப் பயனில்லை. அவர் விவாதத்தில் பேசினாரா, திருத்தம் கொடுத்தாரா என்றுதான் தேட வேண்டும்.

நேரலை அவசியமாகும் இடம் ஒன்று உண்டு. கூறுவாரியாக மசோதாவை எடுத்துக்கொள்ளும்போது அரசே திருத்தம் கொண்டுவந்தால் வாசகம் அந்த நிமிடத்தில் மாறுகிறது. அமைச்சர் பதிலுரையில் தரும் உறுதிமொழிகளும் பின்னாளில் கேள்வி எழுப்ப உதவும். ஆனால் இதற்கும் நேரலையில் உட்கார வேண்டியதில்லை. அமைச்சரின் பதிலுரையும் கூறுவாரியான பகுதியும் விவாதத்தின் கடைசியில் வரும். பதிவில் அந்தப் பகுதியை மட்டும் பார்த்தால் போதும்.

நாடாளுமன்றத்தின் சொந்தத் தளம்

சன்சத் டாட் இன் தளம் இலவசம், அதிகாரபூர்வமானது, மசோதாவின் வாசகத்துக்கு முதல் ஆதாரம். மசோதாக்கள் பக்கத்தில் பெயரைத் தட்டினால் அறிமுகமான வடிவம், ஓர் அவையில் நிறைவேறிய வடிவம், இரு அவைகளிலும் நிறைவேறிய வடிவம் என்று தனித்தனிக் கோப்புகள் இருக்கும். ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் கிடைக்கும் என்பது தமிழ் வாசகருக்குப் பெரிய குறை.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, அறிமுகமான வடிவத்தை இறக்கி வைத்துக்கொண்டு அதையே சட்டம் என்று மேற்கோள் காட்டுவது. கோப்பைச் சேமிக்கும்போதே பெயரில் தேதியையும் 'அறிமுகம்', 'மக்களவை', 'இரு அவை' என்ற சொல்லையும் சேர்த்துவிட வேண்டும். எண்களும் குழப்பும். மக்களவையில் தொடங்கும் மசோதாவுக்குச் சாதாரண எண். மாநிலங்களவையில் தொடங்கினால் ரோமன் எண். சட்டமான பிறகு எண்ணே மாறிவிடும். தரவுப் பாதுகாப்பு மசோதா 2023இன் 113ஆம் மசோதா. சட்டமானபோது அந்த ஆண்டின் 22ஆம் சட்டம். பழைய எண்ணை வைத்து அரசிதழில் தேடினால் ஒன்றும் கிடைக்காது.

எந்த அவையில் தொடங்கியது என்பதற்கு இன்னொரு பயனும் உண்டு. மக்களவையில் நிலுவையில் இருக்கும் மசோதாவும், மக்களவையில் நிறைவேறி மாநிலங்களவையில் நிலுவையில் இருக்கும் மசோதாவும் மக்களவை கலைந்தால் காலாவதியாகும். மாநிலங்களவையில் தொடங்கி, மக்களவையில் இன்னும் நிறைவேறாமல் மாநிலங்களவையிலேயே நிற்பது காலாவதியாகாது. தேர்தல் வரப்போகிறது, இனி இந்த மசோதா செத்துவிடும் என்று யாராவது சொன்னால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

கூட்டத்தொடர் நடக்கும் நாட்களில் பார்க்க வேண்டிய பக்கம் அலுவல் பட்டியல். மறுநாள் எந்த மசோதா எடுக்கப்படும் என்பது அதில் இருக்கும். ஆனால் அதை மட்டும் நம்பக்கூடாது. துணை அலுவல் பட்டியல் என்று ஒன்று அன்றைக்கே வரலாம்; அவசரமாக நுழைக்கப்படும் மசோதாக்கள் அதில்தான் ஏறும். காலையில் ஒருமுறை, பிற்பகலில் ஒருமுறை பார்ப்பதே பாதுகாப்பு. கூட்டத்தொடர் தொடங்கும் முன்பு, அரசு கொண்டுவர நினைக்கும் மசோதாக்களின் உத்தேசப் பட்டியல் அவைகள் வெளியிடும் செய்திமடலின் இரண்டாம் பாகத்தில் வரும். அந்தப் பட்டியலைத் தகவல் ஒலிபரப்பு, மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்பம், தொலைத்தொடர்பு, சட்டம் ஆகிய துறைகளுக்காக மட்டும் அலசினால் பத்து நிமிட வேலை.

பலரும் தொடாத பொக்கிஷம் ஒன்று இதே தளத்தில் இருக்கிறது: கேள்வி பதில். மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகளும் (அவையில் வாய்மொழியாகப் பதில் தருபவை) 230 நட்சத்திரமற்ற கேள்விகளும் (எழுத்தில் பதில் தருபவை) பட்டியலாகின்றன. மாநிலங்களவையில் 15ம் 160ம். வரைவு நிலையில் கிடக்கும் ஒரு மசோதாவின் கதி என்ன என்று எந்த எம்பியாவது கேட்டிருப்பார், அமைச்சகம் எழுத்தில் பதில் சொல்லியிருக்கும். அமைச்சகத்தின் பெயரையும் 'ஒலிபரப்பு' என்பதற்கான ஆங்கிலச் சொல்லையும் போட்டுத் தேடினால் அந்தப் பதில்கள் தேதியோடு வரும். 'அமைச்சக வட்டாரங்கள் தெரிவித்தன' என்ற செய்தியைவிட, அமைச்சர் பெயரில் அவையில் வைக்கப்பட்ட ஒரு வரி பல மடங்கு உறுதியானது.

பிஆர்எஸ்

2005இல் டெல்லியில் தொடங்கிய பிஆர்எஸ் லெஜிஸ்லேட்டிவ் ரிசர்ச் எம்பிக்களுக்கு உதவுவதற்காக உருவான, கட்சி சாராத ஆய்வு நிறுவனம். ஒவ்வொரு மசோதாவுக்கும் ஒரு பக்கம் வைத்திருக்கிறது. அறிமுகம், குழுவுக்கு அனுப்பியது, அறிக்கை, இரு அவைகளிலும் நிறைவேறியது எல்லாம் ஒரே கோட்டில் தேதியோடு இருக்கும். மசோதாச் சுருக்கம் ஓரிரு பக்கம். பெரிய மசோதாக்களுக்கு விரிவான அலசலும் எழுதுகிறார்கள். பழைய சட்டத்தோடும் முந்தைய வரைவுகளோடும் எங்கே மாறுகிறது என்று அதில் இருக்கும். சட்ட மொழி பழகாதவர் சன்சத் தளத்துக்குப் போகும் முன் இதைப் படித்துவிட்டுப் போவது நல்லது. எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு மூல வாசகத்துக்குள் நுழையலாம்.

இதன் எல்லையும் தெளிவு. அலசல் எழுத நாட்கள் ஆகும். மூன்று நாளில் நிறைவேறும் மசோதாவுக்கு அது பெரும்பாலும் வாக்கெடுப்புக்குப் பின்தான் பயன்படும். விதிகள், அறிவிக்கைகள் என்று அன்றாடம் வருவதை நாள்தவறாமல் தொடர்வது அதன் முதன்மை வேலையும் இல்லை. இதுவும் ஆங்கிலத்தில்தான்.

அமைச்சகத் தளமும் அரசிதழும்

யாரும் விரும்பிப் படிக்காதவை இவை. ஆனால் பணமும் வழக்கும் இங்கேதான் முடிவாகின்றன.

முதல் கட்டத்துக்கு அமைச்சகத் தளம். மசோதாவை அவைக்குக் கொண்டுவரும் முன் வரைவைக் குறைந்தது 30 நாள் பொதுவெளியில் வைக்க வேண்டும் என்று 2014இல் மத்திய அரசு ஒரு கொள்கை வகுத்தது. அது சட்டம் இல்லை. மீறினால் மசோதா செல்லாது என்று ஆகாது. ஆனாலும் பல அமைச்சகங்கள் அதை ஒட்டியே வரைவுகளை வெளியிடுகின்றன. ஒலிபரப்பு வரைவுக்கு முதலில் 2023 டிசம்பர் 9 வரை, பிறகு 2024 ஜனவரி 15 வரை அவகாசம் தரப்பட்டது. தரவுப் பாதுகாப்பு விதிகளின் வரைவு 2025 ஜனவரி 3 அன்று வந்தது. கருத்துச் சொல்ல முதலில் பிப்ரவரி 18 வரை, பின்னர் மார்ச் 5 வரை. இந்தத் தேதிகளுக்குள் ஒரு கேபிள் ஆபரேட்டர் சங்கம் அனுப்பும் நான்கு பக்கக் கடிதம், சட்டமான பிறகு நடத்தும் ஆர்ப்பாட்டத்தைவிடப் பலன் தரும்.

அந்தக் கடிதத்தின் அமைப்பும் முக்கியம். கூறு எண், இப்போதுள்ள வாசகம், நாங்கள் கேட்கும் வாசகம், காரணம் என நான்கு கட்டங்கள் போட்ட அட்டவணையாக அனுப்புங்கள். 'இந்த மசோதாவை முழுவதும் எதிர்க்கிறோம்' என்பதை ஒரு பத்தியில் சொல்லிவிட்டு, 'அப்படியே கொண்டுவந்தாலும் இந்தக் கூறை இப்படி மாற்றுங்கள்' என்று தனியாகச் சொல்ல வேண்டும். வெறும் எதிர்ப்பு ஒரு கணக்கில் சேரும், மாற்று வாசகமோ வரைவு எழுதுபவர் மேசைக்குப் போகும். வரைவு வந்த அன்றே கோப்பை இறக்கிக்கொள்ளுங்கள். தளத்தில் இருக்கும் கோப்பு மாறலாம், காணாமலும் போகலாம். இணைய ஆவணக் காப்பகத்தில் அந்தப் பக்கத்தைப் பதிவு செய்துவைப்பதும் நல்ல பழக்கம்.

மூன்றாம் கட்டத்துக்கு அரசிதழ். அரசிதழ் இணையத்தில் வெளியாகும் இ-கெசட் தளத்தில் எதை எங்கே தேடுவது என்று தெரியாமல்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். மத்திய அரசின் சிறப்பு அரசிதழில் பாகம் 2 நமக்குப் போதும். பிரிவு 1இல் ஒப்புதல் பெற்ற சட்டங்கள். பிரிவு 2இல் அறிமுகமான மசோதாக்கள். பிரிவு 3இன் முதல் உட்பிரிவில் ஜி.எஸ்.ஆர். எண்ணோடு விதிகள். இரண்டாம் உட்பிரிவில் எஸ்.ஓ. எண்ணோடு ஆணைகளும் அறிவிக்கைகளும். கோப்பைத் திறந்ததும் இந்தியில் இருக்கிறதே என்று மூடிவிட வேண்டாம். ஆங்கில வாசகம் அதே கோப்பில் பின்னால் வரும்.

ஒப்புதல் கிடைத்துவிட்டால் சட்டம் அமலுக்கு வந்துவிட்டது என்று எண்ணுவது அடுத்த பெரிய தவறு. பெரும்பாலான சட்டங்களின் முதல் பிரிவிலேயே 'மத்திய அரசு அறிவிக்கும் தேதியில் அமலுக்கு வரும்' என்று இருக்கும். வெவ்வேறு பிரிவுகளுக்கு வெவ்வேறு தேதி வைக்கவும் இடமிருக்கும். இதழ்கள் பதிவுச் சட்டம் 2023 டிசம்பரில் ஒப்புதல் பெற்றது, 2024 மார்ச் 1 அன்றுதான் அமலானது. தரவுப் பாதுகாப்புச் சட்டமோ 2023 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்று இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தூங்கியது. 2025 நவம்பரில் விதிகள் வந்தபோது சில பிரிவுகள் உடனே, சில ஓர் ஆண்டில், பெரும்பகுதி 18 மாதங்களில் என்று மூன்று படிகளாக அமல் தேதி வந்தது. உடனே அமலான பிரிவுகளில் ஒன்று நிருபர்களை நேராகத் தாக்குவது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(j) பிரிவு, பொதுப்பணியோடு தொடர்பில்லாத தனிநபர் தகவலை மறுக்க அனுமதித்தது. அதிலேயே பொதுநலன் பெரிதென்றால் கொடுக்கலாம் என்ற விலக்கும் இருந்தது. இப்போது அது 'தனிநபர் தகவல் தொடர்பான தகவல்' என்ற சில சொற்களாகச் சுருங்கிவிட்டது. அதே சட்டத்தின் 8(2) பிரிவில் பொதுநலன் வழி இன்னும் திறந்திருக்கிறது; மேல்முறையீட்டு மனு எழுதுபவர் இனி அதைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அவையின் வாசலையே மிதிக்காமல் வரும் மாற்றங்களும் உண்டு. 2025 ஜனவரியில் கேபிள் தொலைக்காட்சி விதிகளில் ஒரு திருத்தம். உள்ளூர் கேபிள் ஆபரேட்டர் பதிவு தலைமை அஞ்சலகத்திலிருந்து அமைச்சகத்தின் இணையதளத்துக்கு மாறியது. பதிவு 5 ஆண்டுகளுக்கு, கட்டணம் 5,000 ரூபாய். இதற்கு மசோதா இல்லை, விவாதம் இல்லை. இணையச் செய்தி ஊடகங்களுக்கான 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளும் இப்படி வந்தவைதான். அவற்றில் 2023 ஏப்ரல் 6 அன்று திருத்தம் செய்து, மத்திய அரசு பற்றிய செய்திகளைச் சரிபார்க்க அரசே ஓர் உண்மை சரிபார்ப்புப் பிரிவை அமைக்க வழிசெய்தார்கள். அதைத் தடுத்தது நாடாளுமன்றம் இல்லை. பம்பாய் உயர் நீதிமன்றத்தில் இரு நீதிபதிகள் 2024 ஜனவரியில் மாறுபட்ட தீர்ப்புச் சொல்ல, மூன்றாவது நீதிபதியின் கருத்தோடு செப்டம்பரில் அது செல்லாததானது. விதிகளை இரு அவைகளிலும் 30 நாள் வைக்க வேண்டும், அவைகள் மாற்றவோ ரத்து செய்யவோ முடியும் என்று சட்டத்தில் இருக்கிறது. இந்த விதிகளைப் பரிசீலிக்கச் சார்நிலைச் சட்டக் குழு என்று இரு அவைகளுக்கும் தனித்தனிக் குழுக்கள்கூட இருக்கின்றன. அந்த அதிகாரம் கிட்டத்தட்டப் பயன்படுத்தப்படாமலே கிடக்கிறது என்பது வேதனையான உண்மை.

பெயரை வைத்துத் தேடினால் தப்பிவிடுபவை

எந்த வழியைத் தேர்ந்தாலும் ஒரு பொறி பொதுவானது. 'ஊடகம்', 'பத்திரிகை', 'ஒளிபரப்பு' என்ற சொற்கள் தலைப்பில் இல்லாத மசோதாக்களுக்குள் ஊடகச் சட்டம் ஒளிந்திருக்கும். 2023இன் ஜன் விஸ்வாஸ் சட்டம் 42 சட்டங்களின் 183 விதிமுறைகளைத் திருத்தியது. தொழில் செய்வதை எளிதாக்கும் சட்டம் என்றுதான் பேசப்பட்டது. அந்த 42இல் கேபிள் தொலைக்காட்சிச் சட்டமும் ஒன்று. அங்கே சிறைத் தண்டனை போய் அபராதம் வந்தது. கேபிள் ஆபரேட்டருக்கு நல்ல செய்தி, ஆனால் செய்தி அவரை எட்டவில்லை. மேலே சொன்ன தகவல் உரிமைத் திருத்தமும் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 44ஆம் பிரிவில், கடைசி மூலையில் இருந்தது.

இதனால்தான் மசோதாவைப் பின்னாலிருந்து படிக்கச் சொல்கிறோம். கடைசி அத்தியாயத்தில் எந்தெந்தப் பழைய சட்டங்கள் திருத்தப்படுகின்றன, ரத்தாகின்றன என்று பாருங்கள். அதற்கும் பின்னால், நோக்கங்களுக்கும் காரணங்களுக்கும் அடுத்து, ஒப்படைக்கப்பட்ட சட்டமியற்றல் குறித்த குறிப்பு இருக்கும். எந்தெந்தக் கூறில் அரசு பின்னால் விதி போட்டுக்கொள்ளப் போகிறது என்ற முழுப் பட்டியல் அதில் உண்டு. மசோதாவில் 'வகுக்கப்படும் முறையில்' என்று வரும் ஒவ்வொரு இடமும் நாளைக்கு அரசிதழில் தேட வேண்டிய ஓர் ஆவணம். இந்த இரண்டு பகுதிகளும் சேர்ந்து நான்கைந்து பக்கம்தான். பிறகு வரையறைப் பிரிவுக்கு வந்து, நீங்கள் அதற்குள் விழுகிறீர்களா என்று பாருங்கள்.

குடிமை அமைப்புகள்

இணைய உரிமைகளுக்காக இயங்கும் இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷன், பத்திரிகை ஆசிரியர்களின் அமைப்பான எடிட்டர்ஸ் கில்ட் போன்றவற்றின் அறிக்கைகளுக்கு ஒரு தனி மதிப்பு உண்டு: இல்லாததைக் காட்டுவார்கள். மசோதாவை மட்டும் படிப்பவருக்கு அதில் இருப்பது தெரியும், விடுபட்டது தெரியாது. 2019இன் தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதாவில் பத்திரிகைப் பணிக்கு விலக்கு இருந்தது. 2023இல் நிறைவேறிய சட்டத்தில் அது இல்லை. மீறலுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுள்ள ஒரு சட்டத்தில் இப்படி ஒரு விலக்கு காணாமல் போனதைப் பழைய வரைவையும் புதியதையும் அருகருகே வைத்தவர்களே பார்த்தார்கள். எதிர்த்திசையில் நல்ல உதாரணமும் உண்டு. 2019இல் வெளியான இதழ்கள் பதிவு வரைவில் இணையச் செய்திக்கும் பதிவு கேட்டார்கள். 2023 சட்டத்தில் அது கைவிடப்பட்டது. இணையத்தில் மட்டும் இயங்கும் தமிழ்ச் செய்தித் தளங்கள் இந்தச் சட்டத்தின்படி பதிவு செய்யத் தேவையில்லை. 'பதிவு வாங்கித் தருகிறேன்' என்று பணம் கேட்பவர்களிடம் இதைச் சொல்ல வேண்டும்.

இந்த அமைப்புகளுக்கு நிலைப்பாடு உண்டு, அதை மறைப்பதும் இல்லை. எனவே அவர்கள் காட்டும் கூறு எண்ணை எடுத்துக்கொண்டு மூல வாசகத்தில் சரிபாருங்கள். பத்திரிகைத் தகவல் அலுவலகமான பிஐபியின் அறிக்கைக்கும் இதே அணுகுமுறைதான். அது தமிழிலும் வருகிறது, அமல் தேதி தெரிந்துகொள்ளச் சிறந்தது. ஆனால் மசோதாவின் பாதிப்பை அரசின் குரலில் மட்டுமே சொல்லும்.

யாருக்கு எது

அச்சு இதழ் நடத்துபவர் அவைக்குள் நடப்பதைப் பெரிதாகக் கவனிக்க வேண்டியதில்லை. அவருக்கான சட்டம் முடிந்துவிட்டது. 1867ஆம் ஆண்டின் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் முன் உறுதிமொழி கொடுத்த முறை போய், பிரஸ் சேவா இணையதளத்தில் விண்ணப்பிக்கும் முறை வந்துவிட்டது. பதிவு மறுக்கப்பட்டாலோ அபராதம் வந்தாலோ மேல்முறையீட்டுக்கு 60 நாள். அவர் மாதம் ஒருமுறை அரசிதழில் பாகம் 2, பிரிவு 3இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் பெயரில் தேடினால் போதும்.

கேபிள் ஆபரேட்டருக்கு அமைச்சகத் தளமும் அரசிதழும் முதன்மை, நாளிதழ் துணை. ஒலிபரப்பு மசோதாவின் வரைவு மறுபடியும் வந்தால் 30 நாள் கடிகாரம் ஓடத் தொடங்கும். அப்போது தனியாளாக எழுதுவதைவிடச் சங்கத்தின் பெயரில் எழுதுவது நல்லது.

யூடியூப், இணையச் செய்தி நடத்துபவருக்கு ஆபத்து விதிகள் வழியாகத்தான் அதிகம் வருகிறது. எனவே குடிமை அமைப்புகளின் மின்மடல் ஒன்று, மின்னணு அமைச்சகத்தின் அறிவிக்கைகளுக்காக வாரம் ஒருமுறை அரசிதழ், சன்சத் தளத்தில் கேள்வி பதில் தேடல் ஆகிய மூன்றும் வேண்டும். நேரலையை விட்டுவிடலாம்.

அரசியல் நிருபருக்கோ வரிசை தலைகீழ். கூட்டத்தொடர் நாட்களில் அலுவல் பட்டியலும் துணைப் பட்டியலும் அவருக்கு முதலில் வர வேண்டும், பின்னணிக்குப் பிஆர்எஸ். இரு அவைகளுக்கும் இடையே ஒரு மசோதா காத்திருக்கும் காலத்தை அவர் தவறவிடக்கூடாது. இதழ்கள் பதிவு மசோதா 2023 ஆகஸ்ட் 3 அன்று மாநிலங்களவையில் நிறைவேறியது. மக்களவையில் நிறைவேறியது டிசம்பர் 21 அன்று, அந்தக் கூட்டத்தொடரில் இரு அவைகளிலுமாக 146 எம்பிக்கள் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்த சூழலில். நடுவில் நாலரை மாதம் வாசகம் பொதுவெளியில் இருந்தது. எம்பிக்களிடம் கேள்வி கேட்கவும், அச்சகத்தாரிடமும் சிற்றிதழாளர்களிடமும் பேசி எழுதவும் அந்த நாலரை மாதம் திறந்தே கிடந்தது.

தகவல் உரிமை மனுப் போடுபவரும், வாசகர்களின் கைபேசி எண், மின்னஞ்சல் சேர்த்து வைத்திருக்கும் எந்தச் சிறிய ஊடகமும் நாட்காட்டியில் குறித்துக்கொள்ள வேண்டிய மாதம் 2027 மே. தரவுப் பாதுகாப்பு விதிகள் வெளியாகி 18 மாதங்கள் முடிவது அப்போதுதான். ஒப்புதல் பெறுவது, தகவலை அழிப்பது, கசிவு நேர்ந்தால் தெரிவிப்பது உள்ளிட்ட கடமைகள் அன்று முதல் பொருந்தும். அதற்குள் அமல் தேதியை மாற்றியோ விதிகளைத் திருத்தியோ அறிவிக்கை வந்தால், அதுவும் பாகம் 2, பிரிவு 3இல்தான் வரும்.